பதிவேடும் உரிமையும்: திருநர் அமைப்புகளும் அரச அங்கீகாரமும்

ஒரு சமூகக் குழுவினரை அரசு சட்டத்தின்வழி ஏற்றுக்கொள்வதை ஆட்சியாளரின் கருணைச் செயலாகக் கொள்ளும் போக்கு எம்மிடையே உண்டு. வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து, அஃது அக்குழுவினர் அமைப்பாகத் திரண்டதன் விளைவு என்பது புலனாகும். தமிழகத்தினதும் இலங்கையினதும் திருநர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்த பெயரை உயர்திணையுள் அடக்குகின்றது. ஆயின், அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால்களுக்குரிய ஈற்றையே அது கொள்ளும் என்றும் விதிக்கின்றது. சிலப்பதிகாரம் சுட்டும் பதினோராடலுள் பேடாடலும் ஒன்று. எனினும், இலக்கணத்திலும் அரங்கிலும் இருந்த இடம் வாழ்வுரிமைக்குச் சான்றாகாது.

குடியேற்ற ஆட்சி அவ்விடத்தையும் குற்றமாக்கியது. உழைப்பாளரை ஓரிடத்தில் நிறுத்தி வரியும் வேலையும் பெற விழைந்த ஆட்சிக்கு, ஊர்திரியும் மக்கள் ஐயத்துக்குரியோராயினர். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் வட இந்தியப் பகுதிகளில் திருநரைப் பதிவேட்டில் ஏற்றிற்று. பதியப்பட்டோர் பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றுதலும், தத்தெடுத்தலும், விருப்பாவணம் எழுதுதலும் தடுக்கப்பட்டன. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள ஆள்மாறாட்டப் பிரிவும் அண்மைக்காலம்வரை இவர்களுக்கெதிராகப் பயன்படுத்தப்பட்டன.

குடும்பத்தால் விலக்கப்பட்டோர் 'ஜமாத்' எனும் அமைப்பில் ஒருவரையொருவர் தாங்கினர். 1990களில் எய்ட்ஸ் தடுப்புப் பணியினூடே புதிய சங்கங்களும் தோன்றின. இவற்றின் குரலே 2008 ஏப்ரலில் தமிழக அரசு நல வாரியம் அமைக்கக் காரணமாயிற்று. அவ்வாரியத்தில் திருநரும் உறுப்பினராயினர். 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உணர்த்தும் உரிமையை ஏற்றது. 2015 ஏப்ரல் 24இல் திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால், 2019இல் அரசு இயற்றிய சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை வேண்டிற்று. திருநர் அமைப்புகள் அதனை எதிர்த்துப் போராடின. பதிவேடு ஒன்றே. அஃது எவர் கையில் உள்ளது என்பதே வினா.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. மனநல மருத்துவர் அதனை வழங்க, பதிவாளர் நாயகம் திணைக்களம் பிறப்புப் பதிவைத் திருத்தும். இது பெரும்பேறே, ஆயினும் பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று, ஓர் அமைச்சின் சுற்றுநிருபம். கண்டி - மகியங்கனை வீதியிலுள்ள ஹுன்னஸ்கிரியவில் நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவர், மருத்துவரைக் காணக் கண்டிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் கூலியை இழக்க நேரும். உரிமை ஏட்டில் இருப்பினும் அதனை எட்டும் வழி வர்க்கத்தால் அமைகின்றது.

இவ்வுண்மை மலையக மக்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஒரு பத்திரம் இன்மையால் வாக்கும் நிலமும் இழந்த மக்கள், பிறப்புப் பத்திரத்தில் தம் பெயர் தேடும் திருநரின் கோரிக்கையைத் தமதாகக் கொள்ளுதல் இயல்பேயாம். தொழிற்சங்கங்களும் திருநர் அமைப்புகளும் ஒருங்கிணையும்போதே சுற்றுநிருபம் சட்டமாகும். அச்சட்டத்தை வரைவதிலும் திருநர்க்குப் பங்கு கிட்டும்.