பத்தினித் தெய்வமும் உளப்பகுப்பாய்வும்

கண்டி எசல பெரகராவில் தலதா மாளிகை ஊர்வலத்தின் பின்னே நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயத்தார் செல்ல, இறுதியில் வருவது பத்தினி தேவாலயத்தாரின் ஊர்வலம். அப்பத்தினி நம் கண்ணகியே. கயவாகு வேந்தனே அவள் வழிபாட்டை ஈழத்துக்குக் கொணர்ந்தான் என மாணாக்கர்க்கு நாம் கற்பித்து வருகிறோம். அஃது உண்மை வரலாறுதானோ என வினவியவர் கணநாத் ஒபயசேகர (1930–2025).

பேராதனையில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் அங்கேயே சமூகவியல் கற்பித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியற் பேராசிரியராக விளங்கியவர் இவர், மருத்துவரல்லர். வியன்னாவிற் பிராய்டு கண்ட உளப்பகுப்பாய்வைப் பிரான்சில் லக்கான் (1901–1981) மொழியாராய்ச்சியோடு பிணைத்தார். ஒபயசேகரவோ அதனைக் கதிர்காமத்துக்குக் கொண்டுசென்றார். அவரது 'மெடூசாவின் கூந்தல்' (1981) அங்குள்ள சடைதரித்த அடியார்களைப் பற்றியது. அவருட் பெரும்பாலார் பெண்கள். குடும்பத் துயரும் குற்றவுணர்வும் வியன்னாவில் நோய்க்குறியாக முடிந்திருக்கும். இங்கோ அவையே தெய்வம் ஈந்த சடையாகி, அப்பெண்ணுக்கு ஊரில் ஒரு மதிப்பையும் தருகின்றன என்பது அவர் துணிபு. பிறநாட்டுக் கொள்கையொன்றை நம் மண்ணில் வைத்துத் திருத்திய அருஞ்செயல் இது.

பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் 1984இல் வெளிவந்தது. கஜபாகு பத்தினி வழிபாட்டைக் கொணர்ந்ததாக மகாவம்சம் யாண்டும் கூறவில்லை. அவன் சோழநாட்டிலிருந்து சிறைமீட்டும் சிறைபிடித்தும் வந்தான் என்னும் பிற்காலக் கதை, தென்னிந்தியர் இங்குக் குடியேறியமைக்குக் காரணங்கூற எழுந்தது என்பார் அவர். சங்ககாலத்தைக் கணிக்கக் கனகசபைப்பிள்ளை முதலியோர் ஊன்றிய தூண் இதனால் ஆட்டங்காண்கிறது. இதற்காக நாம் மனங்குன்ற வேண்டுவதில்லை. புகளூர்க் கல்வெட்டும் யவனர் குறிப்புகளும் நமக்கு உள.

அவர் கருத்தின் மற்றொரு பகுதியோடுதான் எனக்கு உடன்பாடில்லை. சிங்களக் கதைகளிற் பத்தினி மாங்கனியிற் பிறந்தவள். மணந்தும் கன்னிமை நீங்காதவள். எனினும் உலகுக்குத் தாய். மனைவியையும் தாயையும் ஓருருவிற் காணும் இவ்வமைப்புக்கு, மகன் தாயின்பாற் கொள்ளும் இளமைக்காலப் பிணைப்பே வேர் என்கிறார். சிங்களப் பத்தினிக்கு இது பொருந்தலாம். மட்டக்களப்பார் வைகாசியிற் குளிர்த்தி பாடித் தணிவிப்பதோ மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தை. அச்சினம் பிறந்த இடம் தொட்டிலன்று, பாண்டியன் அவைக்களம்.