பசியாற வந்தவர்கள்

2019 மார்ச் மாதக் கடைசியில் என் மாமா ஓர் ஐஸ்பெட்டி வாங்கினார். இரண்டு கதவு, ஆளுயரம், மாதத் தவணை. ரந்தாவ் பட்டணத்துக்குள் நுழையும் சாலையோரத்தில் ஆறு மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அதுவரை ஒரு பழைய சின்னப் பெட்டியை வைத்தே சமாளித்தார். இடைத்தேர்தல் என்றதும் கணக்கு மாறிவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சின்னப் பட்டணம் ரந்தாவ். 2018 மே பொதுத்தேர்தலில் இந்தச் சட்டமன்றத் தொகுதியில் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். எதிர்த்து நிற்க வந்த டாக்டர் ஸ்ரீராமை, அனுமதி அட்டை இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள் விடவில்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், அந்த வெற்றி செல்லாது என்று ஆனது. 2019 மார்ச் 30 வேட்புமனு, ஏப்ரல் 13 வாக்களிப்பு. நடுவில் இரண்டு வாரம் பிரச்சாரம்.

அந்த இரண்டு வாரமும் பட்டணம் பட்டணமாகவே இல்லை. போலீஸ், நிருபர்கள், பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்த கட்சிக்காரர்கள், டி-சட்டை விற்பவர்கள். பதினோரு மணிக்கெல்லாம் மாமா கடையில் சோறு முடிந்துவிடும். கூடுதலாக இரண்டு ஆள் போட்டார். நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்த காலைகளில் நேரே போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். பொறியியல் பட்டம் மீதிச் சில்லறை கொடுக்கத்தான் பயன்பட்டது.

தேர்தல் குற்றச் சட்டம் 1954இல் ஒரு பிரிவு உண்டு. வாக்காளர் மனதை மாற்ற விருந்து வைப்பது ஊழல் குற்றம். ஒருத்தர் வந்து பத்துப் பேருக்குக் காசு கட்டினால் அது நட்பா குற்றமா என்று நான் மாமாவிடம் கேட்டேன். "டேய், யாரு சாப்டாலும் எலைக்கு ஒரே வெலதான். நீ மொதல்ல மேசையத் தொட" என்றார்.

சனிக்கிழமை வாக்களிப்பு. 4,510 வாக்கு வித்தியாசத்தில் முகமட் ஹசான் மறுபடி வென்றார். மறுநாள் ஞாயிறு, தமிழ்ப் புத்தாண்டு. கூட்டம் இருக்கும் என்று நம்பி மாமா நூற்றைம்பது பேருக்குச் சைவச் சாப்பாடு சமைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் கொடிகள் மட்டும்தான் இருந்தன. மீந்த பாயசத்தை ஐஸ்பெட்டியில் வைத்தோம். அன்றுதான் அந்தப் பெட்டி முழுதாக நிறைந்தது என்று நினைக்கிறேன்.

பெரிய சம்பவங்கள் ஒரு வட்டாரத்தின் சாப்பாட்டுக்கடைகளை என்ன செய்கின்றன என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்கியது. தேடிப் போனால் அது என் பாட்டியிடம் போய் நின்றது. பாட்டி 1934இல் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 2016இல் இறந்தார்.

தோட்டத்தில் கடை என்றால் முதலில் கடன்தான். சம்பளம் மாதம் ஒரு தடவை. மற்ற நாள்களில் அரிசி, கருவாடு, தேத்தண்ணி எல்லாம் நோட்டில் ஏறும். அந்த நோட்டு பல தோட்டங்களில் கங்காணி கையிலேயே இருந்தது. வேலை கொடுப்பவனே கடையும் வைத்திருந்தால் சம்பள நாளன்று யார் பணத்தை யார் எண்ணுவது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பட்டணத்துச் சாப்பாட்டுக்கடை அதற்கு வெளியே இருந்த ஓர் இடம். சம்பளம் வாங்கின ஞாயிற்றுக்கிழமை நடந்தே பட்டணம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொருத்தர் பரிமாறச் சாப்பிடுவது. பாட்டிக்கு அதுதான் சுற்றுலா.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கினான். மலாயா தின்ற அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் அரிசி நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை, அதனால் சம்பளமும் இல்லை. காலி நிலத்திலெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் கடை எப்படி இருந்தது என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "கடையா? கெழங்குக்கு எதுக்குடா கட?" என்றார்.

அடுத்தது அவசரகாலம், 1948 ஜூனிலிருந்து 1960 ஜூலை வரை. இதைப் பற்றி நான் பள்ளியில் படித்ததெல்லாம் காடு, கொரில்லா, டெம்ப்ளர். ஆனால் அந்தச் சண்டையின் பெரும்பகுதி சோற்றின் மேல் நடந்தது. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போகாமல் தடுக்க, 5 லட்சத்துக்கும் அதிகமானவர்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி கட்டினார்கள். கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்று எழுதி வைக்க வேண்டும். டின் உணவை ஓட்டை போட்டுத்தான் விற்கலாம், அப்போதுதான் பதுக்கி வைக்க முடியாது. சில வட்டாரங்களில் பச்சரிசியே கொடுக்காமல், பொது அடுப்பில் ஆக்கிச் சோறாகவே கொடுத்தார்கள். சோறு ஒரு நாளில் ஊசிப்போகும், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாது. பொறியாளனாகப் பார்த்தால் பயங்கரமான புத்திசாலித்தனம். அதைத் தின்ன வேண்டியவர் என் பாட்டியாக இல்லாவிட்டால் ரசித்திருப்பேன்.

1952 மார்ச்சில் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் தண்டனை கொடுத்தார். ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. கடை திறக்க இரண்டே மணி நேரம். அரிசிப் பங்கையும் குறைத்தார்கள். அதே வருடம் நம் சிரம்பான் வட்டாரத்தில் ஆபரேஷன் ஹைவ் நடந்தது.

பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருந்தார்கள். பசியோடு மரம் வெட்டிவிட்டு, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வேலிக்குள் திரும்பின பிறகுதான் பசியாறுவார்களாம். இதில் ஒரு வேடிக்கை: கொரியப் போரால் 1950, 51இல் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது, கூலியும் ஏறியிருந்தது. கையில் காசு இருந்த காலத்தில்தான் கையில் சோறு வைத்திருப்பது குற்றமாக இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு கடைகள் திரும்பி வந்தன. ஆள் அங்கேயே இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேலி போட்டாலும் வேலிக்குள் முந்நூறு குடும்பம் இருந்தது. வேலி எடுத்ததும் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டது.

ஆளைக் கலைத்தது வேறொன்று. ஐம்பதுகளிலிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கினவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலைப் பற்றித் தனி ஆய்வே செய்தார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். 1969 கலவரத்துக்குப் பிறகு வேலை பெர்மிட் வந்தது. குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதற்குக் கொஞ்சம் ஆள் போதும். அந்த வேலைக்கும் பிறகு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். மிச்சத்தை வீடமைப்புத் திட்டங்கள் எடுத்துக்கொண்டன. எதற்கும் ஊரடங்கு போடவில்லை. மாமா கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரிசி அளக்கும் டின் எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து ஏழு, ஏழிலிருந்து நாலு என்று குறைந்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பொட்டலம் மட்டும். ஏப்ரல் முதல் காலை 8 முதல் இரவு 8 வரைதான் கடை. மாமா முடிந்தார் என்று நான் நினைத்தேன். முடியவில்லை. தோட்டத்தில் மிச்சமிருந்த பதினான்கு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொருவர் வந்து வாங்கிப் போனார்கள். வேலை இல்லாதவர்களுக்குப் பழையபடி நோட்டுப் போட்டார். "எங்கம்மா காலத்துல பொட்டலம் கட்டுனா தப்பு. இப்ப பொட்டலம் கட்டாட்டி தப்பு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடையை மூடியது 2022இல், கட்டுப்பாடெல்லாம் போன பிறகு. அந்தப் பதினான்கு குடும்பமும் ஒவ்வொன்றாகச் சிரம்பான் பக்கம் மலிவு வீடுகளுக்குப் போய்விட்டன. மாமாவிடம் இடைத்தேர்தலைப் பற்றிப் பேசினால் இன்றும் முகம் மலர்கிறது. அந்த இரண்டு வாரம்தான் அவர் வாழ்க்கையின் உச்ச வியாபாரம். அதை நம்பி வாங்கியதற்குத்தான் மூன்று வருடம் தவணை கட்டினார் என்பதை நான் சொல்வதில்லை.

ஐஸ்பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா ஒரு கதவை மட்டும்தான் பயன்படுத்துகிறார். கடை நோட்டுகளை மாமா என்னிடம் கொடுத்தார், எழுதுகிறவன் என்பதால். கடைசி நோட்டில் ஒன்பது பேர் கணக்கு இன்னும் அடிக்காமல் இருக்கிறது. மொத்தம் 412 வெள்ளி. கேட்டு வாங்கலாமே என்றேன். "வருவாங்கடா" என்றார்.