தொழுவிலிருந்து திண்ணைக்கு: தெருநாய்க்கு அடைக்கலம் தந்த வரலாறு

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. வேள்விச் சோற்றைத் தொட்டுவிட்ட குற்றத்திற்காக அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறது அது. அவ்வழியே வந்த சீவகன் அதனருகில் அமர்ந்து, செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். உயிர் நீத்த நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, பின்னொரு நாள் சீவகனை ஆபத்திலிருந்து மீட்கிறது. சமணக் காப்பிய மரபில் நாய்க்குக் கிடைத்த இந்த இடம் சிறியதன்று. எனினும் சீவகனால் அந்த நாயின் மறுபிறப்புக்குத்தான் உதவ முடிந்தது. இப்பிறப்புக்கு உதவும் காலம் கடந்திருந்தது. உயிரோடு தெருவில் திரியும் நாய்க்கு என்ன செய்வது என்ற வினா, நகரங்கள் பெருகிய பின்னரே கூர்மையடைந்தது. அவ்வினா முதன்முதலில் ஊரே கொந்தளிக்கும் அளவுக்கு வெடித்தது பம்பாயில்.

உடைமையாளர் இல்லாத நாய்களை ஆண்டின் சில வாரங்களில் மட்டும் கொல்ல அங்கே ஆங்கிலேய அரசின் விதி இடம் தந்திருந்தது. 1832இல் அந்தக் கால எல்லை நீட்டப்பட்டது. கொல்லும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா வெகுமதி. வெகுமதிக்கு ஆசைப்பட்டவர்கள் தெருநாயோடு நிற்கவில்லை. வீட்டு வாசலில் படுத்திருந்த வளர்ப்பு நாய்களையும் அடித்தனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் ஜூன் 6ஆம் நாள் வீதியில் திரண்டனர். சமணரும் இந்து வணிகரும் அவர்களோடு சேர்ந்துகொள்ள, மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. கோட்டைப் படையினருக்குப் போக வேண்டிய உணவுப் பொருள்களும் தடைபட்டன. ‘பம்பாய் நாய்க் கலகம்’ என்று வரலாறு இதைக் குறிக்கிறது. சமயம் வேறாயினும் ஒரு வாயில்லா ஜீவனுக்காக ஒரு நகரத்தின் வணிகம் முழுவதும் நின்றுபோன நிகழ்ச்சி இந்தியாவில் அரிது.

கலகத்தின் பயனாக எழுந்ததே பம்பாய் பாஞ்சராபோல். 1834இல் பார்சிப் பெருவணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் ஷாவும் பிற வணிகரும் சேர்ந்து அதை நிறுவினர். கொல்வதற்குப் பதிலாக நாய்களை ஓரிடத்தில் வைத்துக் காப்பது என்பதே அதன் முதல் நோக்கம். குஜராத்தில் பாஞ்சராபோல்கள் அதற்கு முன்பே உண்டு; வணிகர்கள் தங்கள் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையால் அவற்றை நடத்தி வந்தனர். நோயுற்ற மாடும் கால் ஒடிந்த குதிரையும் இறக்கை முறிந்த புறாவும் அங்கே இருந்தன. ஆனால் நாய்க்கு அந்த அமைப்பு முழுமையாகப் பொருந்தியதா என்பது வேறு கேள்வி. பம்பாய் பாஞ்சராபோல் தோன்றியது நாய்களுக்காக. இன்று அது அறியப்படுவதோ பசுக்களின் இல்லமாக.

இதற்குக் காரணம் நாயின் இயல்பிலேயே உள்ளது. மாட்டுக்குத் தீனியும் நிழலும் துணை மாடும் போதும். நாய் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து உருவான விலங்கு. நூறு நாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் அவை ஒன்றையொன்று கடிக்கும். ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். அவற்றுள் முதலாவது கட்டி வைத்தல் என்பது எண்ணத்தக்கது. கொலையிலிருந்து காப்பாற்றிய உயிரை ஆயுள் முழுதும் கூண்டில் வைத்திருப்பது, ஒரு பிழையை நீக்கி இன்னொன்றை ஏற்பதாக முடியலாம்.

இந்தச் சிக்கல் 1926இல் அகமதாபாத்தில் வெளிப்படையாக வந்து நின்றது. சமணக் குடியில் பிறந்த ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த ஏறத்தாழ அறுபது நாய்களை, வெறி பிடித்தவை என்ற அச்சத்தால் கொல்ல நேர்ந்தது. 1915இல் காந்தியடிகளின் ஆசிரமம் பணமின்றித் தவித்தபோது பெயர் சொல்லாமல் உதவியவரும் அவரே. ஜீவதயை அமைப்பினர் கொதித்தனர். காந்தியடிகளுக்கு எழுதிக் கேட்டனர். அவர் சாராபாயைக் கண்டிக்கவில்லை. ‘இது மனிதத் தன்மையா’ என்ற பொருள்படும் தலைப்பில் யங் இந்தியா இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அகமதாபாத் சிவில் மருத்துவமனைக்கு ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நாய்க்கடிக்காக வந்த கணக்கை அவர் வெளியிட்டார். கொல்லலாம் என்ற அவர் முடிவைச் சமணர் பலர் இன்றும் ஏற்கமாட்டார். ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் வாதத்தின் மற்றொரு பாதியை அன்றைய சினத்தில் பலரும் கவனிக்கவில்லை. உடைமையாளர் இல்லாத நாய் இருப்பதே சமூகத்தின் குறை; வழியில் சோறு எறிந்துவிட்டுப் போவதோடு கடமை முடிந்துவிடாது; இரக்கம் உள்ளவர் நாயைத் தம்முடையதாக ஏற்றுப் பேண வேண்டும் என்பது அது. நாய்க்கு ஒரு வீடு வேண்டும் என்ற இன்றைய இயக்கத்தின் கருத்து, அவர் சொன்ன தீர்ப்பை விலக்கிவிட்டு, அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது.

தமிழகத்துக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டு, அதன் பெயர் ‘கோவிவன்’ என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கு ஏழாம் நூற்றாண்டில் கிடைத்த மதிப்பு அது. பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து, சென்னை நகரம் நாயைப் பிடித்துக் கொல்வதை வழக்கமாக்கியது. 1860 முதல் இது நடந்ததாகப் புளூ கிராஸ் அமைப்பினர் குறிப்பிடுவர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெறிநோய் வந்தால் மரணம் உறுதி. கொங்கு நாட்டார் நாய்க்கடி பட்டால் மலையேறிக் குன்னூர் பாஸ்டர் நிலையத்தை நாடினர். அது தொடங்கியது 1907இல். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முதியோர் இன்றும் சொல்வது அந்தக் காலத்து மருந்தை. அம்மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். இந்தியா அதைக் கைவிட 2004ஆம் ஆண்டின் இறுதிவரை ஆயிற்று. ஒரு நாய்க்குத் தடுப்பூசி போடாமல் விட்டதன் விலையை, நாயும் மனிதனும் மட்டுமன்றி ஆடும் கொடுத்துவந்தது.

மாற்று வழி ஒரு வீட்டிலிருந்து பிறந்தது. 1959இல் சென்னை தியாகராய நகரில், மழைநீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி வி. சுந்தரம் தம் இல்லத்துக்கு எடுத்து வந்தார். அவர் துணைவியார் உஷாவும் விமானியே. அக்குடும்பத்தின் முயற்சியே இந்தியப் புளூ கிராஸ் ஆனது; 1964இல் அது பதிவு பெற்றது. அடைக்கலக் கூடமும் ஆம்புலன்சும் பின்னர் வந்தவை. முதலில் இருந்தது ஒரு குடும்பமும் அதன் வீடும்தான். அதே காலத்தில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சி, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி செய்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்து சேர்ந்தது. எனவே கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விட வேண்டும் என்று சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா முதலியோர் முப்பது ஆண்டுகள் வாதாடினர். சென்னை மாநகராட்சி 1996இல் இசைந்தது. 2001இல் இது நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. காதில் சிறு வெட்டோடு திரியும் நாய், கருத்தடை செய்யப்பட்டது என்று பொருள்.

கருத்தடை ‘உறுப்பைச் சிதைத்தல்’ என்ற அதிசாரத்தில் சேராதா என்ற ஐயம் சமண இல்லங்களில் எழுவது இயல்பு. அதே நூல் இம்சையை வரையறுக்கும்போது, விழிப்பற்ற, காம வெகுளி மயக்கத்தால் தூண்டப்பட்ட செயலால் உயிரைப் போக்குவது என்றே கூறுகிறது. மருத்துவர் கத்தியை அது குறிக்காது. எண்ணிப் பார்க்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. இறந்தவற்றுள் பெரும்பகுதி மனிதரின் செயலால் மாண்டன. பிறக்கும் ஐந்தில் நான்கு மாளும் என்று தெரிந்தும் பிறக்க விடுவதை ஜீவதயை என்று சொல்வது கடினம்.

கொங்கு மண்டலத்தில் இவ்விவகாரம் வேறொரு முகமும் கொண்டது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் ஆட்டுப்பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால், இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் மறியல் செய்தனர். சாலையோரம் கொட்டப்படும் கோழிக்கழிவே கூட்டத்தைப் பெருக்குகிறது என்பது அவர்களில் பலரின் குற்றச்சாட்டு. ஐம்புல உயிர் ஒன்றுக்குக் காட்டும் பரிவு இன்னோர் ஐம்புல உயிரின் குரல்வளையில் முடியக் கூடாது என்னும் கவலை, பெருங்கதை தந்த கொங்குவேளிரின் விசயமங்கலத்துக்கு அருகிலுள்ள ஊர்களிலிருந்தே எழுகிறது.

கோவையில் 2006இல் மினி வாசுதேவன் உள்ளிட்டோர் ஹியூமேன் அனிமல் சொசைட்டியை நிறுவினர். கருத்தடை, தடுப்பூசி, அடிபட்ட விலங்குகளுக்கு மருத்துவம், குட்டிகளுக்கு வீடு தேடல் என அதன் பணி விரிந்தது. நாரி சக்தி புரஸ்கார் விருது மினி வாசுதேவனுக்கு வழங்கப்பட்டது. நகரின் பிற தன்னார்வக் குழுக்களும் இவ்வழியில் இயங்குகின்றன. தாய் இழந்த குட்டியையும், அறுவை முடிந்த முதிய நாயையும், வளர்த்தவர் கைவிட்ட உயர்சாதி நாயையும் தெருவில் திரும்ப விட முடியாது. கூடத்தில் சேர்த்தாலோ இடமில்லை. இவற்றுக்காக ஏற்பட்டதே தற்காலிக வளர்ப்பு இல்லம். இளையோர் ‘ஃபாஸ்டர்’ என்பர்.

அதன் நடைமுறை எளிது. ஆனால் பொறுமை கேட்பது. நாயின் உணவு, மருந்துச் செலவு அறக்கட்டளையினுடையது. இடமும் நேரமும் இல்லத்தாருடையது. வந்த குட்டியை முதல் இரண்டு வாரம் வீட்டின் மற்ற நாயோடு சேர்க்காமல் தனி அறையில் வைக்க வேண்டும். பார்வோ என்னும் குடல் நோய்க் கிருமி உடலில் நுழைந்து வெளித்தெரியச் சில நாள் ஆகும்; மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஒரு கூடத்தில் ஒரு குட்டிக்கு அது கண்டால் மற்றக் குட்டிகளும் போகும்; பத்து வீடுகளில் பத்துக் குட்டிகள் இருந்தால் இழப்பு ஒன்றோடு நிற்கக்கூடும். பாஞ்சராபோலுக்கும் வளர்ப்பு இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இதுவே தலையாயது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இதற்கிடையில் குட்டி மாடிப்படி ஏறவும், அழைப்பு மணிக்கு அஞ்சாமலிருக்கவும், இரவில் தூங்கவும் பழகும். அப்பழக்கமே அதற்கு நிலையான வீட்டைத் தேடித் தருகிறது.

தத்துக் கொடுப்பதில் அவசரம் ஆகாது. வீட்டார் அனைவரும் இசைந்தனரா, வாடகை வீடெனில் உரிமையாளர் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார், வயது வந்ததும் கருத்தடை செய்வீர்களா என்று கேட்கும் குழுவே நல்ல குழு. நகராட்சித் தலைவராயிருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.புரத்தில் திண்ணை வீடுகள் அடுக்ககங்களாக மாறிவிட்டன. அடுக்ககச் சங்கங்கள் வளர்ப்பு விலங்கைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இல் அறிவுறுத்தியிருப்பது இங்கே பயன்படும். சைவ இல்லத்தில் நாய் வாழுமா என்று கேட்போர் உண்டு. பூனை வாழாது, நாய் மாவுப் பொருளைச் செரிக்கப் பழகிய விலங்கு, ஆதலால் மருத்துவர் சொற்படி புரதம் சேர்த்தால் வாழும். தயிர்ச் சோறு மட்டும் போதாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதால், சமண அடுப்படி இவ்வகையில் மற்றவர் அடுப்படியைவிடப் பாதுகாப்பானது.

2025 ஆகஸ்ட் 11இல் தலைநகர்ப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 22ஆம் நாள் மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோயுற்றவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு. விரும்புவோர் தத்தெடுக்கலாம், ஆனால் அந்நாய் மீண்டும் தெருவுக்கு வரக் கூடாது. நவம்பர் 7ஆம் நாள் ஆணை பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. காப்பகம் கட்ட நிதி தாருங்கள் என்ற வேண்டுகோள் இனி அறக்கட்டளைகளின் வாசலுக்கு மிகுதியாக வரும். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. ஒரு வீட்டின் பின்னறையில் மூன்று வாரம் தங்கிப் போகும் குட்டிக்கு அவை இல்லை. கொடையாளர் மனம் முன்னதையே நாடுவது புதிதன்று. பம்பாய் பாஞ்சராபோலின் கதையை அறிந்தவர், கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையேனும் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் வளர்ப்பு இல்லங்களின் மருந்துச் செலவுக்கும் கேட்பர்.

மகாவீரர் நிர்வாணம் எய்திய நாளாகிய தீபாவளியை ஒட்டி, வெடியோசைக்கு வெருண்டு வீடு தவறிய நாய்களும் இருப்பிடம் விட்டோடிய தெருக்குட்டிகளும் மிகுதியாகக் கிடைக்கும். அந்தப் பதினைந்து நாளுக்கு மட்டும் இடம் தருவோரைக் குழுக்கள் தேடும். கேட்பது அதிகமில்லை: சாளரம் மூடக்கூடிய ஓர் அறை, பழைய கம்பளி ஒன்று, கவிழாத அடிப்பாகமுடைய தண்ணீர்க் கிண்ணம், இரவில் எழுந்து பார்க்க ஒருவர்.