உரப்பும் அளவுகோலும்
ஒலிபரப்பு ஒலிமட்டத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அளவுகோல்கள் இயற்கை தந்தவையல்ல; மனிதர் தம் தேவை கருதி ஆக்கிக்கொண்டவை. நெல்லையும் நிலத்தையும் அளந்த அளவைகள் எவருடைய நலன் நோக்கி அமைந்தன என்ற வினாவைப் பொருளாதார வரலாறு எழுப்பி வந்துள்ளது. அதே வினாவை ஒலியை அளக்கும் கோல் பற்றியும் எழுப்புதல் தகும். ஒலிபரப்பின் ஒலிமட்டம் எவ்வாறு அளக்கப்பட்டது, அவ்வளவை எவருக்குப் பயன்பட்டது, எச்சூழலில் மாறிற்று என்பவற்றை இங்கு நோக்குவோம்.

இவ்வரலாறு வானொலி நிலையத்திலன்றித் தொலைபேசிக் கம்பியிலேயே தொடங்குகின்றது. நெடுந்தூரக் கம்பியூடாகச் செல்லும் பேச்சு எவ்வளவு தேய்வுறுகின்றது என்பதை அறிதல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துக்கு வணிகத் தேவையாயிருந்தது. தொடக்கத்தில் அத்தேய்வு ‘நியமக் கம்பி மைல்’ என்ற அலகால் அளக்கப்பட்டது. 1924இல் மடக்கை அடிப்படையிலான புதிய அலகொன்று அதன் இடத்தைப் பெற்றது. 1928இல் அதற்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் நினைவாகத் தெசிபெல் எனப் பெயரிடப்பட்டது. தெசிபெல் இரு வலுக்களுக்கிடையிலான விகிதத்தையே கூறும். கேட்பவனின் செவி அவ்வொலியை எவ்வாறு உணர்கின்றது என்பதைக் கூறாது.

செவியின் இயல்பும் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலேயே ஆராயப்பட்டது. ஹார்வி பிளெச்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஆற்றலுடைய ஒலிகள் செவிக்கு ஒரே உரப்பினவாய்த் தோன்றுவதில்லை என்பதை அளந்து காட்டிற்று. 3000 முதல் 4000 ஹேட்ஸ் வரையான மீடிறன்களைச் செவி கூர்மையாக உணர்கின்றது. தாழ்ந்த மீடிறன்களையோ, ஒலி மெலிதாயிருக்கும்போது, மிகக் குறைவாகவே உணர்கின்றது.

ஆயினும் ஆறு ஆண்டுகளின் பின், 1939இல், பெல் ஆய்வுகூடமும் என். பி. சி., சி. பி. எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனங்களும் இணைந்து ஏற்றுக்கொண்ட ‘வி. யு.’ மானி இவ்வறிவைக் கணக்கிற் கொள்ளவில்லை. 600 ஓம் தடையில் ஒரு மில்லிவாற்று என்பதே அதன் ஆதாரம். ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில் நிலைகொள்ளும் அதன் முள், கம்பியில் ஓடும் வோல்ற்றளவின் சராசரியை ஒத்த பெறுமானத்தைக் காட்டிற்று. பி. பி. சி. நிறுவனம் 1930களில் உருவாக்கிய உச்சமானி ஒலியின் கணநேர உச்சங்களைப் பின்தொடர்ந்தது. எனினும் அதுவும் வோல்ற்றளவையே அளந்தது.

இதனை அறியாமையின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலக் கருவிகளின் எல்லை ஒருபுறமிருக்க, நிறுவனங்களின் தேவையே வேறாயிருந்தது. அலைபரப்பி மிகைச்சுமைக்கு உட்படலாகாது; கம்பியின் ஒரு முனையிலுள்ள ஊழியரும் மறுமுனையிலுள்ள ஊழியரும் ஒரே எண்ணை வாசித்தல் வேண்டும். இவ்விரண்டையும் அம்மானிகள் செவ்வனே நிறைவேற்றின. வீட்டிலிருந்து கேட்பவர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

மானிக்கும் செவிக்குமிடையே இருந்த இவ்விடைவெளியையே விளம்பரத்துறை தன் முதலாக்கிக்கொண்டது. ஒலியின் உச்சத்தை அடக்கி, மெல்லொலிகளை உயர்த்தும் ‘கொம்பிரசர்’ கருவியால், அனுமதிக்கப்பட்ட உச்சத்தைத் தாண்டாமலே ஒரு விளம்பரத்தை நாடகத்தினும் பன்மடங்கு உரப்பாகக் கேட்கச் செய்ய முடிந்தது. விதி எழுத்தளவில் மீறப்படவில்லை. கேட்பவரின் அமைதியே மீறப்பட்டது. முறைப்பாடுகள் பெருகவே, 1965இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு இது குறித்துக் கொள்கையறிக்கை வெளியிட நேர்ந்தது. எனினும் உரப்பை அளக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட மானி இல்லாதவிடத்துக் கட்டுப்பாடு வலுப்பெறவில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு, இலக்கமுறையின் மாறா உச்சவரம்பைக் கொண்டிருந்தது. 1990களில் இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வரம்பை ஒட்டியே இசை முழுவதையும் நெருக்கித் தள்ளும் போட்டியில் இறங்கின.

மாற்றம் 2006இல் நிகழ்ந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பி. எஸ். 1770 என்னும் பரிந்துரை, மனிதரைக் கேட்கச் செய்து நடத்திய பரிசோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, செவியின் இயல்புக்கேற்பச் சைகையை நிறையிட்டு உரப்பைக் கணிக்கும் முறையை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர் 128 என்னும் பரிந்துரையால் நிகழ்ச்சியொன்றின் முழுமையான உரப்பை −23 அலகாக நியமித்தது. நிகழ்ச்சியின் உரப்பே அளவையானபின், நெருக்கி உயர்த்தப்பட்ட விளம்பரம் அதே அளவு தாழ்த்தப்படும். ஆகவே நெருக்குதலால் ஆதாயமில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் அமெரிக்கா, தொலைக்காட்சி விளம்பரங்களின் உரப்பைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அது 2012 டிசெம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது.

1933இல் பெற்ற அறிவு, ஒலிபரப்பின் சர்வதேச நியமத்துள் இடம்பெற 73 ஆண்டுகள் சென்றன. கணிப்பொறியின் வளர்ச்சியின்றி அது கைகூடியிராது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி மட்டும் நியமத்தை ஆக்குவதில்லை. பெயரறியாத கேட்போரின் இடையறாத முறைப்பாடே உரப்பைப் பொதுப் பிரச்சினையாக்கிற்று. அமெரிக்கச் சட்டமும் தொலைக்காட்சிக்கே உரியது. இணையவழி இசைச் சேவைகளில் நியமவுரப்பை இன்றும் அவ்வந்நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. எனவே எந்த மானியைக் காணும்போதும், அது எதனை அளக்கின்றது என்பதோடு, எவரை அளவிலிருந்து விலக்கி வைக்கின்றது என்றும் வினவுதல் நம் கடனாகும்.