கரும்பலகையில் விடுபட்ட மொழிக் குடும்பம்

திருப்பூர்ப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒருநாள் இந்திய மொழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒருபுறம் திராவிட மொழிகள், மறுபுறம் இந்தோ-ஆரிய மொழிகள். ஜார்கண்டிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுமி கேட்டாள்: "அக்கா, எங்க மொழி எந்தப் பக்கம்?" பள்ளிப் பதிவேட்டில் அவள் தாய்மொழி இந்தி. வீட்டில் பேசுவதோ சந்தாலி.

எந்தப் பக்கமும் இல்லை. ஆரியம் - திராவிடம் என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் நாமே அவளுக்குப் பலகையில் இடம் வைக்கவில்லை.

சந்தாலி, முண்டாரி, ஹோ, ஒடிசா - ஆந்திர மலைகளின் சவரா, மேகாலயாவின் காசி, நிக்கோபார் தீவுகளின் மொழிகள் எல்லாம் ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1906இல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற அறிஞர் வைத்த பெயர் இது. வியட்நாமியமும் கம்போடியாவின் கெமரும் இதே குடும்பம்தான். கெமர் மொழியில் கி.பி. 611ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கோர்வாட்டைக் கட்டிய அரசின் மொழி அது. அதன் உறவு மொழியைத்தான் இங்கே 'காட்டுமொழி', 'எழுத்தில்லாப் பேச்சு' என்கிறார்கள். (மொழிக் குடும்பம் என்றதும் ரத்தம், இனம் என்று தாவிவிடாதீர்கள். மொழி உறவு வேறு, பிறப்பு வேறு. இந்தக் குழப்பத்தை வைத்து நடந்த அரசியலெல்லாம் நமக்குத் தெரியும்.)

நாம் கூட்டங்களில் சொல்லும் 'ஹூல்', 1855இல் சித்து, கானு தலைமையில் எழுந்த சந்தால் கிளர்ச்சியின் பெயர். 1899-1900இல் பிர்சா முண்டா நடத்திய எழுச்சி 'உல்குலான்'. இரண்டுமே இந்தக் குடும்பத்துச் சொற்கள். சொல்லை எடுத்துக்கொண்டோம், மொழியைக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். 1925இல் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு சந்தாலிக்கென்று 'ஒல் சிகி' எழுத்தை உருவாக்கினார். மொத்தம் 30 எழுத்துகள். பலவற்றின் வடிவம் சுற்றியிருக்கும் பொருள்களிலிருந்து வந்தது. காளான் வடிவில்கூட ஓர் எழுத்து உண்டு. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்றையும் அட்டவணையில் சேர்க்கச் சொன்னார். சபை ஏற்கவில்லை. அவர் கேட்டதில் முண்டாரி மட்டுமே ஆஸ்திரோ-ஆசிய மொழி. கோண்டியும், குடுக் என்றும் அழைக்கப்படும் ஒராவோனும் திராவிட மொழிகள், தமிழுக்கு உறவு. சோட்டாநாக்பூரில் முண்டாரியும் குடுக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பேசப்படுகின்றன. அந்த உறவு நமக்கும் நினைவில்லை.

சந்தாலி எட்டாவது அட்டவணைக்குள் வர 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் தேவைப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். ஹோவும் காசியும் தலா 14 லட்சம், முண்டாரி 11 லட்சம். இம்மூன்றும் இன்னும் வெளியேதான். 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளின் பெயரையோ 1971 முதல் கணக்கெடுப்பில் வெளியிடுவதே இல்லை. பெயரே இல்லாத மொழிக்குப் பாடநூலை எங்கே போய்க் கேட்பது?

அடுத்த வகுப்பில் அந்தச் சிறுமியையே எண்ணச் சொன்னேன். மித், பார், பே, போன். பக்கத்தில் நான் கெமர் எண்களை எழுதினேன்: மூய், பீ, பெய், புவன். அதற்குக் கீழே வியட்நாமியம்: மோத், ஹாய், பா, போன். நான்காவதைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். கண்ணுக்கு என்ன சொல் என்று ஒரு பையன் கேட்டான். சந்தாலியில் மேத், காசியில் க்மத், வியட்நாமியத்தில் மத். வகுப்பு முடியும் வரை அவர்கள் அந்தச் சிறுமியை விடவில்லை. மூக்குக்கு என்ன, தண்ணீருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளும் சளைக்காமல் சொன்னாள்.

பதிவேட்டில் இன்னும் இந்தி என்றுதான் இருக்கிறது. திருத்தக் கேட்டு அவள் அப்பாவோடு மனு கொடுத்திருக்கிறோம்.