கோழிக் குஞ்சுக்கு ஒரு செயற்கைத் தாய்

முட்டையை உடைத்து வெளிவந்த கோழிக் குஞ்சு அன்றே தன் இரையைத் தானே பொறுக்கித் தின்ன வல்லது. ஆயினும் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. மென்தூவி உதிர்ந்து இறகு முளைக்கும் வரை, அதாவது மூன்று, நான்கு வாரங்கள் வரை, தாய்க்கோழியின் சிறகே அதற்கு வீடு. அச்சிறகுக்கு மாற்றாக மனிதன் ஒரு கருவியைக் கண்ட வரலாற்றையும், அக்கருவி ஜவ்வாது மலைச் சிற்றூரின் கோழிக்கூட்டுக்குள் இடம்பெறத்தக்க முறையையும் இன்று கூற விழைகிறேன்.

தாய் இருக்க மாற்று எதற்கு என்று மாணவர்கள் வினவலாம். நம் நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 10 அல்லது 12 முட்டைகள் இடும். 21 நாள் அடைகாக்கும். பின்னர்ப் பல வாரங்கள் குஞ்சுகளோடு திரியும். அக்காலம் முழுவதும் அது முட்டையிடுவதில்லை. மிகுதியான முட்டையை விரும்பிய மனிதன், அடையில் அமராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். வெள்ளை லெகார்ன் என்னும் இனம் அவ்வாறு வந்தது. முட்டை பெருகிற்று, தாய்மை குறைந்தது. கோழியிடமிருந்து தாய்மையை நீக்கியவனே அப்பொறுப்பையும் சுமக்க வேண்டியவன் ஆனான்.

முட்டையைப் பொரிக்கும் கலை மிகப் பழையது. எகிப்தியர் எருக்குவியலின் வெப்பத்தில் முட்டை பொரித்ததை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் அந்நாட்டார் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தனர். முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தனர். ஆனால் முட்டை வைத்த இடத்தில் கிடக்கும். குஞ்சோ ஓடும், நனையும், மூலையில் நெருக்குண்டு மடியும். ஆதலின் பொரிப்பதைக் காட்டிலும் வளர்ப்பதே கடினமாயிற்று.

இதற்கு வழி தேடியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் ரேமுர். வெப்பமானிக்கு ஓர் அளவுமுறை வகுத்த அப்பெரியார், 1749ஆம் ஆண்டில் குஞ்சு பொரித்து வளர்ப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உட்புறம் ஆட்டுத்தோல் வேய்ந்து, மேற்பரப்பைச் சரிவாக அமைத்த ஒரு பெட்டியை அவர் செய்தார். அதற்குச் செயற்கைத் தாய் என்றே பெயரிட்டார். குஞ்சு, தாயின் வயிற்றில் தன் முதுகை உரசி நிற்கும் இயல்புடையது என்பதைக் கூர்ந்து கண்டதன் பயனே அந்தச் சரிவும் மயிரும். அடைகாப்பான், அதாவது புரூடர், என்று நாம் இன்று வழங்கும் கருவியின் மூதாதை அதுவே எனலாம்.

1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து சிகாகோ நகருக்கு ஒருநாள் குஞ்சுகள் இரயிலில் அனுப்பப்பட்டன. வயிற்றுக்குள் எஞ்சிய மஞ்சள்கருவைக் கொண்டே குஞ்சு இரண்டு மூன்று நாள் உயிர்வாழும் என்பதால் அது இயன்றது. அதன்பின் குஞ்சு பொரிக்கும் தொழில் ஓரிடத்திலும் வளர்க்கும் தொழில் வேறிடத்திலும் நடக்கலாயின. வந்திறங்கும் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. எனவே நிலக்கரி அடுப்பின்மேல் தகரக் குடை கவிழ்த்த அடைகாப்பான்கள் பரவின.

நம் பக்கத்திலும் இம்மாற்றம் வந்தது. மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் 1920களில் நடத்திய கிராமச் சீரமைப்புப் பணியில் கோழி வளர்ப்புக்குச் சிறப்பிடம் இருந்தது. ஜவ்வாது மலைக்கு வடக்கே காட்பாடியிலும் ஆற்காடு மிஷனின் வேளாண்மை நிலையம் சிற்றூர்க் கோழிகளின் தரத்தை உயர்த்த முற்பட்டது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் சாமை விளைவிப்போர், கோழி வளர்ப்போர். அங்கே மார்கழி, தை இரவுகளில் குளிர் கடுமையானது. தாயில்லாக் குஞ்சுகளை அவ்விரவுகளில் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கூட்டின் ஒரு பகுதியைப் பெரிய கோழிகள் அணுகாதவாறு அடைத்துக்கொள்க. தரையில் இரண்டு அங்குல உயரம் நெல் உமி பரப்பி, முதல் சில நாள்களுக்கு அதன்மேல் தாள் விரிக்க. ஒன்றரை அடி உயரமுள்ள மூங்கில் தட்டியை வட்டமாக நிறுத்துக. வட்டத்தில் மூலை இல்லையாதலால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கா. நடுவே தகரக் குடையின்கீழ் மின்விளக்கைத் தொங்கவிடுக. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. 50 குஞ்சுகளுக்கு 100 வாட். பழைய இழை விளக்கே இதற்கு ஏற்றது, எல்.இ.டி. விளக்கு ஒளி தரும், போதிய வெப்பம் தராது. மின்சாரம் நிற்கும் இரவுக்கென அரிக்கேன் விளக்கு ஒன்று இருப்பது நலம். அதை உமியில் சாயாதபடி நிறுத்தி, புகை வெளியேற வழியும் விடவேண்டும்.

முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைத்துவரலாம். வெப்பமானி இல்லையெனினும் கவலையில்லை, குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின்கீழ் நெருங்கிக் கூவினால் குளிர், விளக்கை இறக்குக. விலகி ஓடி வாய்திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி, விளக்கை ஏற்றுக. எங்கும் பரவி இரை பொறுக்கினால் எல்லாம் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று வருகிறது என்று பொருள்.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்குக் கோழி வழங்கிய திட்டங்களில் நான்கு வாரக் குஞ்சுகளையே அளித்தது. அடைகாப்பு வேண்டிய இடர்க்காலத்தை அவை கடந்துவிட்டன என்பதே அதன் நயம். அந்த நான்கு வாரத்தைத் தன் கூட்டிலேயே கடத்தத் தெரிந்த பெண், பிறர் வளர்த்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருநாள் குஞ்சை வாங்கியே தன் கோழிச் செல்வத்தைப் பெருக்கிக்கொள்வாள். ரேமுர் தம் பெட்டியருகே அமர்ந்து குஞ்சுகளைக் கவனித்த அந்தப் பொறுமை அவளுக்கும் இருந்தால் போதும்.