மலைக்கு எடுக்கும் முன் ஹோஸை அமுக்கிப் பார்

மேட்டுப்பாளையத்து டாக்ஸிக்காரர்கள் வண்டியை மலைக்கு எடுக்கும் முன் டயரைப் பார்ப்பார்கள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்கள், அப்புறம் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அவர் அம்பாசடர் ஓட்டினார். நான் அதே ஊரில் ஸ்பேர் கடை வைத்தேன். நீலகிரிக்கு மோட்டார் ஏறிய வரலாற்றை எழுதுகிறவர்கள் சாலை போட்டவர்களையும் தேயிலைத் தோட்டத் துரைமார்களையும் எழுதுகிறார்கள். இன்ஜினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் அந்த இரண்டு ரப்பர் குழாய்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். மலைப்பாதையில் ஒரு கார் ஊர் போய்ச் சேர்வதும் நடுவழியில் நிற்பதும் பெரும்பாலும் அவற்றின் கையில்தான் இருந்தது.

இன்ஜின் ஆடிக்கொண்டே இருக்கும் பொருள். ரேடியேட்டர் சட்டத்தில் அசையாமல் நிற்பது. இரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் பற்றவைப்பு சில நாளில் விட்டுப்போகும். அதனால்தான் நடுவில் ரப்பர் வந்தது. 1901இல் வெளிவந்த மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அத்தனை நுட்பமான கூட்டுக்கும் சூடான தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஹோஸ் வேண்டியிருந்தது. துணிப்பட்டைகளை ரப்பரில் தோய்த்துச் சுற்றி வேகவைத்த நேர்க்குழாய்தான் அந்தக் காலத்து ஹோஸ்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குப் பின், வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்த ஓட்டத்திலேயே இன்ஜின் குளிரும். தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் மட்டும் சுற்றோட்டம் அறுந்துபோகும். ஹோஸ் முனையில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது சமவெளியில் சின்ன விஷயம். ஏற்றத்தில் அதுவே வண்டியை நிறுத்திவிடும்.

ஹோஸை இறுக்கும் கிளிப்புக்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் கம்பியைச் சுற்றி முறுக்குவார்கள், அல்லது தகட்டை வளைத்து போல்ட் போடுவார்கள். திருகைச் சுற்றச் சுற்றப் பட்டை இறுகும் கிளிப்பு 1921இல்தான் வந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜூபிலி கிளிப்பு என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் போயிற்று. என் கடையில் ஒரு டப்பா நிறைய அதே வகைக் கிளிப்புகள் எப்போதும் இருக்கும். நூறு வருடத்துப் பொருள், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். குன்னூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டியோ வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி முனகிப் போகும். இன்ஜின் முழுச் சூட்டில் சுழலும், எதிர்க்காற்று இருக்காது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் தண்ணீர் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். அந்த அழுத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்வது ஹோஸ்.

பக்கத்திலேயே மலை ரயில் ஓடுகிறது. 1899இல் குன்னூர் வரை வந்த அந்த ரயிலின் நீராவி இன்ஜினும் ஹில்குரோவ் நிலையத்தில் நின்று தண்ணீர் பிடிக்கும். கார்கள் மலைப்பாதையிலுள்ள பர்லியாறில் நின்றன. பலாவும் மங்குஸ்தானும் விற்கும் அந்தக் கடைத்தெருவில் பயணிகள் இறங்கிப் பழம் வாங்குவார்கள். டிரைவர்கள் பானெட்டைத் திறந்து நிற்பார்கள். விஷயம் தெரிந்தவர் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். அணைத்தால் பம்பும் பேனும் நின்று, உள்ளே தேங்கிய சூடு ஒரேயடியாக ஏறி, பலவீனமான ஹோஸ் அங்கேயே வெடிக்கும். சும்மா ஓடவிட்டு ஆறவைத்து, நனைந்த சாக்கை மூடிமேல் போட்டு மெதுவாகத் திருகி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

1950களில் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் நாட்டைவிட்டுப் போயின. செவர்லே, பிளைமவுத் வைத்திருந்தவர்களுக்கு ஸ்பேர் கிடைப்பது அரிதாயிற்று. மெக்கானிக்குகளின் கைத்திறன் அப்போதுதான் தெரிந்தது. வளைவு ஹோஸ் கிடைக்காத வண்டிக்கு வேறொரு வண்டியின் ஹோஸை வாங்கி, வளைவு ஒத்துவரும் துண்டை மட்டும் இரு முனையும் அறுத்து மாட்டினார்கள். வழியில் வெடித்தால் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றிக் கம்பியால் கட்டி, ரேடியேட்டர் மூடியைத் தளர்த்திவிட்டு, அழுத்தம் ஏறாமல் அடுத்த ஊர் வரை ஓட்டினார்கள். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டு ஒழுக்கை அடைப்பதும் நடந்தது. அவசரத்துக்கு அது உதவும். வழக்கமாக்கினால் நுண்குழாய்களை அடைக்கும் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1957இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி உத்தர்பாராவில் அம்பாசடர் வரத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி ஹோஸ், எந்த ஊரிலும் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய சாமான்களும் கிடைக்கும். 2014இல் உற்பத்தி நின்றது. அதுவரை ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த ஹோஸைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெயில் ஊரில் எதற்கு என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். கூலண்ட் ஊற்றுவதும் அபூர்வம்; கிணற்று உப்புத் தண்ணீர்தான். உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியும், அந்தத் துரு ஹோஸின் உள்சுவரை அரிக்கும்.

“வண்டி மேல போகுதுங்களா? அப்ப கீழ் ஹோஸையும் அமுக்கிப் பாத்துக்குங்ணா” என்பார் அப்பாவின் மெக்கானிக். அந்த ஒரு சொல்லில் பெரிய அனுபவம் இருந்தது. மேல் ஹோஸ் வெடித்தால் ஆவி பொங்கி எல்லோருக்கும் தெரியும். கீழ் ஹோஸை பம்ப் உறிஞ்சுகிறது. அது தொய்ந்துபோனால் வேகத்தில் சப்பையாக ஒட்டி, தண்ணீர் ஓட்டத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். இதற்காகவே பல வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். பழைய ஹோஸோடு அந்தச் சுருளையும் குப்பையில் போட்டுவிடுகிறவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

1960களில் வந்த ஈ.பி.டி.எம். ரப்பர், சூட்டையும் காற்றையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு நோய் உண்டு. உலோகம், கூலண்ட், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு மின்கலம் போல வேலைசெய்து, ஹோஸை உள்ளிருந்து நுண்ணிய விரிசல்களாகப் பிளக்கும். வெளியே பளபளவென்று புதிது போலவே இருக்கும். கிளிப்பிலிருந்து இரண்டு விரற்கடைக்குள்தான் அந்தச் சேதம் அதிகம். அதனால் நடுவில் அமுக்குவதைவிட முனையில் அமுக்குவது முக்கியம். முனை மட்டும் பொதபொதவென்று இருந்தாலோ, உள்ளே நெறுநெறுவென்று பிளவு தட்டுப்பட்டாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது.

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஜின் நன்றாக ஆறிய பின் கையை வையுங்கள். ஒரு ஹோஸ் போனால் மேல் கீழ் இரண்டையும், கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸைத் திருகி இழுக்காதீர்கள், ரேடியேட்டரின் பித்தளை வாய் பிய்ந்துவரும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். வாயில் படிந்த உப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் புது ஹோஸை மாட்டுங்கள். மாட்டியபின் ஒருமுறை சூடேற்றி, ஆறவைத்து, கிளிப்பை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். அதன் பிறகு குன்னூருக்குத் தாராளமாக ஏறலாம்.